சத்துக் கட்டமும் சுகக் கட்டமும்

எங்க சலவைக் கம்பெனியில ஒரு நாளைக்குப் பன்னிரண்டாயிரம் ஆஸ்பத்திரி பெட்ஷீட் வெளுத்து, காய வெச்சு, மடிச்சு அனுப்புறோம். அதுல ஒண்ணுல சின்னக் கறை தெரிஞ்சாக்கூட மேனேஜருக்கு மயக்கம் வந்துரும். ஆளுங்க மயங்கி விழுந்தா அவருக்கு ஒண்ணும் ஆகாது. போன வெயில் காலத்துல ஒரே வாரத்துல மூணு பேர் விழுந்தாங்க. மூணாவது ஆளு விழுந்தது வெளுத்து வெச்ச பெட்ஷீட் மேல. அதுக்கப்புறம்தான் "தாதுச் சமநிலைக் குழு"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க.

குழுவுல ஒரு தலைவர், ஒரு செயலாளரம்மா, ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ரத்த அழுத்தம் பாக்க ஒரு நர்ஸம்மாவையும் வெச்சாங்க. முதல் நாள் எங்களை எல்லாம் காயப்போடற ஹாலுக்குள்ள நிக்க வெச்சுத் தலைவர் பேசினாரு.

"தோழர்களே! நீங்கள் மயங்கி விழுவதற்கு வெப்பம்தான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். நானும் இதே கட்டடத்தில்தான் வேலை செய்கிறேன். என் அறையில் வெப்பமே இல்லை. ஆகவே காரணம் வெப்பம் அல்ல. நீங்கள் சத்துக்காகச் சாப்பிடுவதில்லை. சுகத்துக்காகச் சாப்பிடுகிறீர்கள். அதுதான் காரணம்."

எல்லாரும் கைதட்டினோம். கைதட்டினா சீக்கிரம் வெளிய விடுவாங்க, அவ்வளவு புழுக்கம்.

அன்னையில இருந்து ஒவ்வொரு வேளைக்கும் ஒரு ரோஸ் கலர் ஃபாரம். நீ சாப்பிட்டது, குடிச்சது ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ரெண்டு கட்டம் இருக்கும். ஒண்ணு சத்து, ஒண்ணு சுகம். ஏதாவது ஒண்ணுலதான் டிக் போடணும். தையல் பிரிவு அண்ணன் ஒருத்தர் வாழைப்பழத்துக்குச் சத்துன்னு போட்டாரு. செயலாளரம்மா ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க.

"நீங்க சாப்பிடும்போது கண்ணை மூடினீங்க. நான் பாத்தேன். அது சுகம்."

அதுக்கப்புறம் நாங்க எல்லாரும் வாழைப்பழத்தைக் கண்ணை நல்லாத் தொறந்து வெச்சுக்கிட்டுச் சாப்பிட்டோம்.

இதுல என் வேலை என்னன்னு சொல்லணும். பின்பக்கத்துல தண்ணி பிளான்ட் இருக்கு. ஊர்க்குழாய்ல வர்ற தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. அதுல துவைச்சா பெட்ஷீட் அட்டை மாதிரி வெறச்சுப் போகும். அதனால அந்தத் தண்ணியை ஒரு பெரிய சிலிண்டர் வழியா விட்டு, சுண்ணாம்பைப் பிரிச்சு, சாஃப்ட் தண்ணியா மாத்தி மெஷினுக்கு அனுப்பணும். அந்த சிலிண்டர் வேலை செய்யணும்னா பக்கத்துத் தொட்டியில உப்பு கொட்டணும். கொட்டறது நான். அதனால என் பேரு உப்புத்தம்பி.

சாஃப்ட் தண்ணிக் குழாய்க்கு மேல "குடிக்க அல்ல"ன்னு போர்டு இருக்கு. நான் வந்த ரெண்டாவது வாரமே அதுல டீ போட்டேன். ஊர்க்குழாய்த் தண்ணியில டீ போட்டா மேல ஒரு படலம் மிதக்கும், கப்புல கறை பிடிக்கும், வாயில சுவத்தை நக்கின மாதிரி இருக்கும். சாஃப்ட் தண்ணியில போட்டா டீ கண்ணாடி மாதிரி இருக்கும். ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது நாக்கு சந்தோஷப்படணும்ல. போர்டு மெஷின்காரன் எழுதினது, அவனுக்கு டீ பத்தி என்ன தெரியும்னு நினைச்சேன்.

தனியா குடிச்சா டீயில பாதி ருசிதான். மடிப்புப் பிரிவுல ஒரு அக்கா இருக்காங்க. எல்லாரும் மடிப்பக்கான்னு கூப்பிடுவாங்க. என்னை மாதிரியே குடும்பத்தை எங்கயோ விட்டுட்டு வந்தவங்க. ஒருநாள் கிழிஞ்ச பெட்ஷீட் கொண்டு வந்து போட பிளான்ட் பக்கம் வந்தாங்க. ஒரு கப் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சுட்டு என்னைப் பாத்தாங்க.

"தம்பி, இது என்ன டீயா, இல்ல வசியமா?"

"தண்ணி அப்படிக்கா."

"நாளைக்கும் வருவேன். வேண்டாம்னாலும் வருவேன்."

வந்தாங்க. தினமும் நாலரைக்கு. அரைமணி நேரம் மேனேஜரைத் திட்டுவோம், மாத்தி மாத்திக் குடும்பக்கதை பேசுவோம். போகும்போது ரூமுக்குன்னு ரெண்டு பெரிய பாட்டில் சாஃப்ட் தண்ணி வேற நிரப்பிக் குடுப்பேன். சமையலுக்கு, குடிக்க, எல்லாத்துக்கும் அக்காவுக்கு அதுதான். பதினாறு மாசம் இப்படி ஓடுச்சு.

குழு வந்ததும் நர்ஸம்மா எல்லாருக்கும் ரத்த அழுத்தம் பாத்தாங்க. சரியா இருந்தா கழுத்துல வெள்ளைக் கார்டு. ஜாஸ்தி இருந்தா மஞ்சக் கார்டு. மூணு தடவை மஞ்சள் வந்தா வேலையை விட்டு அனுப்பிருவாங்க. அதுக்குக் குழு வெச்ச பேரு "நலமுடன் ஊர் திரும்புதல்".

மடிப்பக்காவுக்கு முதல் தடவையே மஞ்சள்.

"மக காலேஜ் முடிக்க இன்னும் பத்து மாசம் தம்பி," அக்கா சொன்னாங்க. "அது வரைக்கும் என்னை எவனும் நலமா ஊருக்கு அனுப்பாம இருந்தா போதும்."

நர்ஸம்மா உப்பைக் குறைக்கச் சொன்னாங்க. அக்கா குறைக்கல, அடியோட விட்டாங்க. வெறும் சோறு, வெறும் பருப்பு, உப்பில்லாத முட்டை. சாப்பிடறப்ப அவங்க முகத்தைப் பாத்தா செயலாளரம்மாவே சத்துன்னு டிக் போட்டுருவாங்க.

குழுவும் சும்மா இருக்கல. கேன்டீன்ல இருந்த உப்பு டப்பாக்கள் எல்லாத்துக்கும் குட்டிப் பூட்டு போட்டாங்க. சாவி செயலாளரம்மாகிட்ட. உப்பு வேணும்னா காரணம் எழுதி மூணு காப்பி குடுக்கணும். செயலாளரம்மா அஞ்சு நாள் லீவுல போனாங்க. சமையக்காரர் அடுப்பு முன்னாடி நின்னு கத்தினாரு: "இனிமே என்னைச் சமையக்காரன்னு கூப்பிடாதீங்க. அடுப்பு பத்த வைக்கிறவன்னு கூப்பிடுங்க!"

அந்த அஞ்சு நாளும் நான் பின்பக்கத்துல மூட்டை மூட்டையா உப்பு கொட்டிட்டு இருந்தேன். அதுக்கு யாரும் காரணம் கேக்கல.

அந்த வாரம்தான் சிலிண்டரை சர்வீஸ் பண்ண மெக்கானிக் வந்தாரு. மரியாதைக்கு அவருக்கும் ஒரு டீ போட்டேன். எந்தக் குழாய்ல பிடிச்சேன்னு பாத்துட்டு, கப்பைக் கீழ வெச்சுட்டாரு.

"இதையா குடிக்கிற?"

"நல்லாருக்கும் அண்ணே."

"நல்லாத்தான் இருக்கும். சுண்ணாம்பை எடுத்துட்டு அந்த இடத்துல சோடியத்தை விடுது இந்த மெஷின். சோடியம்னா உப்புல இருக்கறதுதான்யா. உனக்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம். அழுத்தம் இருக்கற ஆளு தினமும் இதையே குடிச்சா வெனைதான். போர்டு எதுக்கு வெச்சிருக்கு, அழகுக்கா?"

அவர் போனப்புறம் உப்பு மூட்டை மேல உக்காந்து கணக்குப் போட்டேன். அக்கா தட்டுல உப்பு இல்ல. பாட்டில்ல இருந்துச்சு. ஊத்திக் குடுத்தது நான்.

மறுநாள் ஊர்க்குழாய்த் தண்ணியில டீ போட்டேன். அக்கா கப்பைச் சாய்ச்சு வெளிச்சத்துல பாத்தாங்க.

"என்னடா இது, மேல ஏதோ மிதக்குது? வீட்டுக்காரிகூட சண்டையா? அந்தக் கோவத்தை டீயில காட்டறியா?"

"இல்லக்கா, தண்ணி கொஞ்சம்..."

ஒரு வாய் குடிச்சாங்க. கப்பை மெதுவா வெச்சாங்க. கண்ணு கலங்கிருச்சு. "நாள் பூரா மண்ணைத் திங்கற மாதிரி திங்கறேன் தம்பி. இந்த ஒரு கப்தான் எனக்குன்னு இருந்துச்சு. சரி விடு, உன் தப்பு இல்ல."

என் தப்பு இல்லன்னு சொன்னாங்க. அப்ப சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா பதினாறு மாசத்தையும் சேத்துச் சொல்லணும். அதுக்கப்புறம் நாலரை மணிக்கு யாரும் வர மாட்டாங்க. அதனால நான் என்ன பண்ணேன்? மறுநாள் மறுபடியும் சாஃப்ட் தண்ணியில போட்டேன். ஒரு கப்புல என்ன ஆயிரப் போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அக்கா குடிச்சுட்டு, "ஆங், இப்பதான் நீ மனுசன்"ன்னாங்க. பாட்டிலையும் நீட்டினாங்க. நிரப்பினேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டாவது மஞ்சக் கார்டு வந்துச்சு.

குழுவுக்கு இது மானப் பிரச்சினை ஆயிருச்சு. பூட்டு போட்டும் அழுத்தம் ஏறுதுன்னா இவங்க எங்கயோ உப்பை ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு முடிவு பண்ணிட்டாங்க. அக்காவோட லாக்கரைத் தொறந்து சோதனை போட்டாங்க. ஒரு பவுடர் டப்பா கிடைச்சுது. செயலாளரம்மா தொட்டு நாக்குல வெச்சுப் பாத்துட்டு, "உப்பு இல்லை. மணம் உண்டு. சுகம்"னு எழுதிக்கிட்டாங்க. ரெண்டு நாளைக்கு அவங்க வாயைத் தொறந்தாலே பவுடர் வாசனை.

அப்புறம் விசாரணை. அக்கா ஒரு பக்கம் நிக்கறாங்க. வேடிக்கை பாக்க வந்தவங்க சுவத்தோரமா நிக்கறோம். தலைவர் முன்னாடி வெளிநாட்டு மினரல் வாட்டர் பாட்டில், பக்கத்துல எலுமிச்சம்பழத் துண்டு.

"உப்பை எங்கே வைத்துச் சாப்பிடுகிறீர்கள்? உண்மையைச் சொன்னால் மன்னிக்கும் எண்ணம் எனக்கு உண்டு. விதிமுறையில் இடமில்லை. ஆனால் எண்ணம் உண்டு."

"சத்தியமா சாப்பிடலைங்க."

"அப்படியானால் எங்கள் பூட்டு தோற்றுவிட்டது என்கிறீர்களா?"

அக்கா கழுத்துல இருந்த மஞ்சக் கார்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. என்னால அதைப் பாக்க முடியல. நான் கையைத் தூக்கிட்டேன்.

"ஐயா, அவங்க மேல தப்பு இல்ல. பதினெட்டு மாசமா சாஃப்ட் தண்ணியில டீ போட்டுக் குடுத்தது நான். குடிக்கவும் அதைத்தான் குடுத்தேன். அதுல உப்போட சத்து இறங்குதாம். மெக்கானிக் சொன்னாரு. ரெண்டு மாசமா தெரிஞ்சும் நான் சொல்லல."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்ல.

தலைவர் எலுமிச்சந்துண்டைப் பிழிஞ்சாரு. "அந்தத் தண்ணீர் உப்புக் கரித்ததா?"

"இல்லைங்க. நல்லா இருக்கும்."

"உப்பு இருந்தால் கரிக்கும். கரிக்கவில்லை. ஆகவே உப்பு இல்லை." செயலாளரம்மா பக்கம் திரும்பி, "ஃபாரத்தில் இதற்குக் கட்டம் இருக்கிறதா?"ன்னாரு.

"தண்ணீருக்குக் கட்டம் இல்லைங்க சார். நாம உணவுக் குழு. தண்ணீர் இயந்திரப் பிரிவுல வருது."

"அப்படியானால் இவர் எதையும் சொல்லவில்லை என்று எழுதுங்கள். சக தொழிலாளிக்காகப் பழியை ஏற்க முன்வந்த பண்பைப் பாராட்டி ஒரு சான்றிதழும் கொடுங்கள். இரு, இரு தம்பி. தேநீர் ரொம்ப நன்றாக இருக்கும் என்றா சொன்னாய்? படலம் வராதா?"

"வராதுங்க."

"கோப்பையில் கறை?"

"பிடிக்காதுங்க."

அதை மட்டும் அவரே கைப்பட எழுதிக்கிட்டாரு.

வெளிய அக்காவைத் துரத்திக்கிட்டு ஓடினேன். நின்னாங்க.

"ரெண்டு மாசமா தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அன்னைக்கு நான் அழுதேனே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"உன்னைத் தம்பின்னு கூப்பிட்டேன் பாரு," அப்படின்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அடிச்சிருந்தா தேவலாம்.

இயந்திரப் பிரிவுக்கும் போனேன். அங்க இருந்தவர் ஃபைலைப் புரட்டிட்டு, மெஷின் நல்லா ஓடுது, துணியில எந்தப் புகாரும் இல்ல, மனுசங்க எங்க லிஸ்ட்லயே வரலையேன்னாரு.

பத்து நாள்ல ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. என் வாக்குமூலத்துல குழுவுக்குப் பிடிச்ச ஒரே விஷயம் டீ நல்லா இருக்குங்கறதுதான். சாஃப்ட் தண்ணி லைனைக் கேன்டீனுக்கு இழுத்துட்டாங்க. "அதிகாரப்பூர்வத் தேநீர்"னு பேரு. அதுக்குச் சத்துக் கட்டத்துல ஏற்கெனவே டிக் அச்சடிச்சு வந்துச்சு. குடிக்கற தண்ணியும் அதே லைன்தான், உள்ள இருந்த ஊர்க்குழாயை எல்லாம் அடைச்சுட்டாங்க. வெளியில இருந்து ஃப்ளாஸ்க், பாட்டில் எதுவும் கொண்டு வரக்கூடாது, அது "அறிவிக்கப்படாத சுகம்". கூடவே எல்லாருக்கும் தினம் ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை. நான் பின்பக்கத்துல சுண்ணாம்பைப் பிரிச்சு சாக்கடையில விடுவேன், குழு முன்பக்கத்துல அதை மாத்திரையாக் குடுக்கும். உப்பு மூட்டை செலவு ஒண்ணரை மடங்கு ஆயிருச்சு. குனிஞ்சு குனிஞ்சு கொட்டினேன்.

அக்காவுக்கு மூணாவது சோதனைக்குப் பதினெட்டு நாள் இருந்துச்சு. பத்து மணி நேர ஷிஃப்ட், அடுப்பு மாதிரி ஹால், குடிக்கறதுக்கு அந்த ஒரு தண்ணிதான். கேட்டுக்கு வெளிய தோட்டக் குழாய் ஒண்ணு மட்டும் இன்னும் நேரா ஊர்த்தண்ணியில இருக்கு. காலையில அதுல பிடிச்சு, "நீர் மாதிரி, ஆய்வுக்கு"ன்னு சீட்டு ஒட்டின கேன்ல ஊத்தி, செக்யூரிட்டி முன்னாடியே கொண்டு போவேன். ஆய்வுன்னா அவர் சல்யூட் அடிப்பாரு. சாதாரணத் தண்ணியைக் கடத்திக்கிட்டுப் போன ஒரே ஆளு நானாத்தான் இருக்கும்.

அக்கா பிளான்ட் வாசல்ல வந்து நிப்பாங்க. உள்ள வர மாட்டாங்க. கப்பை நீட்டுவாங்க, ஊத்துவேன். அந்தச் சுண்ணாம்பு ருசியோட முழுசாக் குடிப்பாங்க, முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டாங்க. கப்பை ஜன்னல்ல வெச்சுட்டுப் போயிருவாங்க. ஒரு நாளைக்கு நாலு தடவை. திட்டுங்கக்கான்னு ஒருநாள் கேட்டுட்டேன். "வேலை இருக்கு"ன்னாங்க.

மூணாவது சோதனை அன்னைக்கு நான் நர்ஸம்மா ரூம் வாசல்ல நின்னேன். நர்ஸம்மா ரெண்டு தடவை பாத்தாங்க, மெஷினைத் தட்டி மூணாவது தடவையும் பாத்தாங்க. வெள்ளைக் கார்டு. இனி ஒரு வருஷத்துக்குச் சோதனை இல்லன்னு ஸ்டாம்ப்.

குழு விழா எடுத்துருச்சு. அக்காவை மேடையேத்தினாங்க. மேடையில தலைவர் சொன்னாரு: "எங்கள் பூட்டும் எங்கள் தேநீரும் சேர்ந்து ஒரு தொழிலாளியைக் காப்பாற்றின. இவரும் தன் பங்குக்கு உயிரோடு இருந்து ஒத்துழைத்தார்." அக்காகிட்ட மைக்கைக் குடுத்தாங்க. அக்கா கூட்டத்துல என்னைத் தேடிப் பாத்தாங்க, அப்புறம் தரையைப் பாத்தாங்க. "டீயாலதான் குறைஞ்சுது. நன்றி"ன்னாங்க. சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சாங்க. போட்டோ எடுத்தாங்க.

மறுநாள் கேன்டீன் சுவத்துல ஆளுயரப் போஸ்டர். கையில கப்போட அக்கா சிரிக்கறாங்க. கீழ "அதிகாரப்பூர்வத் தேநீர் என் அழுத்தத்தைக் குறைத்தது". நாலரைக்கு வரிசை வெளிய வரைக்கும் நீண்டிருந்துச்சு. அதுவரைக்கும் ரெண்டு கப் குடிச்சவன்லாம் நாலு கப் குடிக்கறான்.

என்னால சும்மா நிக்க முடியல. தையல் அண்ணன்கிட்டப் போனேன். அவருக்கும் போன வாரம் மஞ்சக் கார்டு.

"அண்ணே, அந்தத் தண்ணி வேண்டாம்ணே. உப்போட சத்து இருக்கு."

"பதினெட்டு மாசம் அந்தம்மாவுக்கு மட்டும் ரகசியமாக் குடுத்தே. இப்ப ஊருக்கே கிடைச்சதும் உனக்கு வயிறு எரியுதா? தள்ளுய்யா."

அப்ப பின்னாடி இருந்து ஒரு குரல். "அவன் சொல்றது நிஜம்தான் அண்ணே." அக்கா வந்து என் பக்கத்துல நின்னாங்க, அவங்க போஸ்டருக்கு நேர் கீழ.

"நேத்து மேடையில நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"பொய் சொன்னேன். மகளுக்காகச் சொன்னேன். நான் குடிச்சது தோட்டக் குழாய்த் தண்ணி."

அண்ணன் அக்காவைப் பாத்தாரு, போஸ்டரைப் பாத்தாரு. "போட்டோவுல எவ்வளவு தெளிவா இருக்கீங்க"ன்னு சொல்லிட்டு டீயை வாங்கிக்கிட்டாரு.

தூரத்துல செயலாளரம்மா நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க. "அக்கா, போயிருங்க. கார்டைப் பிடுங்கிருவாங்க."

"பிடுங்கணும்னா அவங்க டீ என் அழுத்தத்தைக் குறைக்கலன்னு எழுதணும். அவங்க கையால அதை எழுதுவாங்களா?" அக்கா கார்டை இழுத்து சட்டைக்குள்ள போட்டுக்கிட்டாங்க. "உன்னை இன்னும் மன்னிக்கல, ஞாபகம் வெச்சுக்க. சும்மா நிக்காதே. நீ அந்தப் பக்கம் சொல்லு, நான் இந்தப் பக்கம் சொல்றேன்."

சொன்னோம். மணி அடிக்கற வரைக்கும் ஒவ்வொருத்தர்கிட்டயா சொன்னோம். நாலு பேர் கப்பைக் கீழ வெச்சாங்க. மத்தவங்க குடிச்சு முடிச்சு, நாக்கைச் சப்புக் கொட்டி, "என்ன டீய்யா!"ன்னு எங்ககிட்டயே சொல்லிட்டுப் போனாங்க.

நல்லாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாதா.